லீஸ்டு லைன்: கணினிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம். முதலாளியின் மேசையில் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று அவர் வீட்டு ஃபைபர் இணைப்புக்கு வந்த பில், 100 மெகாபிட். இன்னொன்று அலுவலகத்துக்கென்று வாங்கியிருந்த விலைப்பட்டியல், 10 மெகாபிட் லீஸ்டு லைன். வேகம் பத்தில் ஒரு பங்கு, விலை பல மடங்கு.

"ஏனுங்க தம்பி, வீட்டுல இருக்கறதே இதைவிட வேகமா ஓடுதுங்களே. இதுக்கு எதுக்குங்க இவ்வளவு காசு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நெட்வொர்க் படித்திருக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் நாலு கணினி இருந்து, இணையம் அறுந்தால் வேலை நிற்கும் என்றால் போதும், இது உங்களுக்கானது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். லீஸ் என்றால் குத்தகை. பழைய தொலைபேசி நிலையத்தில் உங்கள் வீட்டுக் கம்பி போய் ஒரு சுவிட்சில் முடியும். நீங்கள் எண்ணைச் சுழற்றியதும் அந்த சுவிட்ச் உங்கள் கம்பியை எதிராளியின் கம்பியோடு சேர்க்கும், பேசி முடித்ததும் பிரிக்கும். லீஸ்டு லைனில் அந்த சுவிட்சே கிடையாது. நிலையத்துக்குள் உங்கள் கம்பியையும் மறுமுனைக் கம்பியையும் நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். டயல் டோன் வராது, எண்ணும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு யாரும் எதையும் அனுப்பாவிட்டாலும் அந்தப் பாதை உங்கள் பெயரில் திறந்தே இருக்கும். வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் அந்தப் போகத்துக்கு வயல் அவருடையது அல்லவா? அதே கணக்கு.

வீட்டு இணைப்பு அப்படியில்லை. இன்றைக்குப் பெரும்பாலான வீட்டு ஃபைபர், ஜிபான் என்ற முறையில் வருகிறது. நிலையத்திலிருந்து வரும் ஓர் ஒற்றை ஃபைபர் இழையை வழியில் ஒரு கண்ணாடிப் பிரிப்பான் 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துக் கொடுக்கிறது. அந்த இழையில் இறங்குவது மொத்தம் 2.5 கிகாபிட், ஏறுவது 1.25 கிகாபிட். அத்தனை வீடும் அதைப் பங்குபோட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் முழுவேகத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் விலை குறைகிறது. பெரும்பாலும் அந்த நம்பிக்கை பலிக்கவும் செய்கிறது. ஆனால் திருப்பூர்க்காரர் தன் டிசைன் கோப்புகளை ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு அனுப்புவது மாலை ஏழு மணிக்கு. ஊரே வீடு திரும்பி வீடியோ பார்க்கும் நேரம் அது.

சரி, இந்தக் கம்பியை "டிஜிட்டல்" லீஸ்டு லைன் என்றும் சொல்வார்கள். அந்த அடைமொழி எப்படி வந்தது?

64 என்ற எண்

இந்தத் துறையில் நுழைகிறவர் முதலில் பழக வேண்டிய எண் 64. அது கணினிக்காரர்கள் வைத்த எண் இல்லை, மனிதக் குரலிலிருந்து வந்தது.

தொலைபேசி நம் குரலில் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பேச்சு புரிய அது போதும். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு 4,000 என்று வைத்துக்கொண்டார்கள். ஓர் அலையை எண்களாக எழுதி, அந்த எண்களிலிருந்து திரும்பவும் அதே அலையை எடுக்க வேண்டுமானால், அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு தடவை அளக்க வேண்டும் என்பது கணிதம். ஆகவே நொடிக்கு 8,000 அளவுகள். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் நொடிக்கு 64,000 பிட். ஒரு தொலைபேசிப் பேச்சு என்பது 64 கிலோபிட்.

குரலை இப்படி எண்ணாக்கலாம் என்ற எண்ணத்தை 1937இல் முன்வைத்தவர் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அதைச் செய்து காட்டும் மின்னணுக் கருவிகள் அப்போது இல்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு, 1962இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் டி-1 என்ற பெயரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஜோடி செப்புக் கம்பியில் 24 பேச்சுகள். 24 பேச்சுக்கும் தலா 8 பிட் எடுத்தால் 192. எங்கே தொடங்குகிறது என்று அடையாளம் காட்ட ஒரு பிட் கூட்டினால் 193. நொடிக்கு 8,000 தடவை அனுப்பினால் 15,44,000. இன்றும் அமெரிக்காவில் 1.544 மெகாபிட் என்று சொல்லும் அந்த விசித்திர எண் இப்படிப் பிறந்ததுதான்.

ஐரோப்பா வேறு கணக்குப் போட்டது. 32 அறைகள், அறைக்கு 8 பிட், ஆக 256 பிட் கொண்ட ஒரு சட்டகம், நொடிக்கு 8,000 சட்டகம். பெருக்கிப் பாருங்கள், 20,48,000 பிட் வரும். இதற்கு ஈ-1 என்று பெயர். இந்தியா ஐரோப்பிய வழியை எடுத்துக்கொண்டதால் நம் ஊரில் "2 எம்பி லைன்" என்று ஆட்கள் சொல்வது இதைத்தான். 32 அறைகளில் முதல் அறை சட்டகம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கு. தொலைபேசிக்குப் பயன்படுத்தினால் 16ஆம் அறை மணியடிப்பது, எண் சொல்வது போன்ற காரியங்களுக்குப் போகும், மீதி 30 பேச்சு. கணினிக்குப் பயன்படுத்தினால் பேச்சு கிடையாதே, முதல் அறை போக மீதி 31 அறையும் உங்களுக்கே.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். குரலுக்காகச் செய்த அறைகளை வாடகைக்கு எடுத்து அதில் கணினியின் தரவைக் குடிவைத்தார்கள். ஓர் அறை வேண்டுமா, 64 கிலோபிட். இரண்டு என்றால் 128. நான்கு என்றால் 256. பழைய லீஸ்டு லைன் விலைப்பட்டியல்களில் 64, 128, 256, 512 என்று படிப்படியாக ஏறும் எண்களுக்குக் காரணம் இந்த அறைக் கணக்குதான். 1995 ஆகஸ்ட்டில் அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்தில், ஒரு நிறுவனத்திடம் 64 கிலோபிட் தனிக்கம்பி இருந்தால் அது பெரிய வசதி. ஒன்பது ஆண்டு கழித்து, 2004இல் வந்த அரசின் பிராட்பேண்டு கொள்கை, 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்டு என்று வரையறுத்தது. அதைப் போல எட்டு மடங்கு ஓர் ஈ-1.

நேராகக் கணினியில் செருக முடியாதா?

முடியாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் நடுவில் இருக்கும் பெட்டிகளைப் பார்த்துப் பயம் வராது.

அந்தக் காலக் கணினியின் பின்னால் ஒரு சீரியல் போர்ட் இருக்கும், டயல்-அப் மோடத்தைச் செருகுவோமே, அதே ஒன்பது முள் இணைப்பு. அதன் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 1,15,200 பிட். ஈ-1 அதைப் போல பதினேழு மடங்குக்கும் மேல். ஆக வாசலே சின்னது.

வேகத்தைவிடப் பெரிய தடை தாளம். கணினியின் சீரியல் போர்ட் ஓர் எழுத்தை அனுப்பும்போது, "இதோ தொடங்குகிறேன்" என்று ஒரு பிட், பிறகு எழுத்து, பிறகு "முடிந்தது" என்று ஒரு பிட் அனுப்பும். அடுத்த எழுத்து எப்போது வேண்டுமானாலும் வரலாம். நடுவில் மௌனம் இருந்தால் பரவாயில்லை. லீஸ்டு லைனில் மௌனம் என்ற ஒன்றே இல்லை. நொடிக்கு 20,48,000 பிட் வந்தே ஆக வேண்டும், ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அனுப்ப ஒன்றும் இல்லாதபோது "ஒன்றும் இல்லை" என்பதற்கான வெற்று பிட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். கச்சேரியில் பாடகர் மூச்சு வாங்கும்போதும் மிருதங்கக்காரர் தாளத்தை விடமாட்டார், அதுபோல.

இப்படித் தாளம் தப்பாமல் ஓடும் இணைப்பைச் சிங்க்ரனஸ் என்பார்கள். அதற்கு ஒரு கடிகாரம் வேண்டும். யாருடைய கடிகாரம் என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓர் அலுவலகத்தில் புது ஈ-1 போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது, இணையம் வந்தது, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் போன். பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் பெரிய கோப்பு இறக்கினால் நடுநடுவே திணறுகிறது. ரவுட்டரில், அதாவது அலுவலகத்துக் கணினிகளை அந்தக் கம்பியோடு சேர்க்கும் பெட்டியில், பிழைக் கணக்கைப் பார்த்தேன், சீரான இடைவெளியில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. கம்பியை மாற்றினேன், முனைகளைத் திரும்ப அடித்தேன். மாற்றமில்லை. கடைசியில் ஒரு மூத்த பொறியாளர் போனிலேயே கேட்டார்: "கிளாக் எங்கேயிருந்து எடுக்கறே?" ரவுட்டர் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்தின் கருவியோ தன் கடிகாரத்தில்.

இரண்டும் நல்ல கடிகாரங்கள்தான். ஆனால் பத்து லட்சத்தில் ஒரே ஒரு பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு இரண்டு பிட் பிந்தும். 256 பிட் சேர்ந்தால் ஒரு சட்டகம். ஆக 125 நொடிக்கு ஒரு தடவை ஒரு முழுச் சட்டகம் வழுக்கி விழும். அதில் இருந்த தரவு போயே போச்சு. இதற்கு ஸ்லிப் என்று பெயர். ரவுட்டரில் ஒரே ஒரு வரி அமைப்பை மாற்றி, கடிகாரத்தைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னதும் பிழை நின்றது. நிலையத்தின் கடிகாரம்தான் எஜமானன், நம் கருவி அதைப் பின்பற்ற வேண்டும். ஈ-1 போடுகிற யாரும் இதை முதலில் சரிபார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

பெட்டிகளின் வரிசை

இப்போது வெளியிலிருந்து உள்ளே வருவோம். தெருவிலிருந்து செப்புக் கம்பி சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. அது முதலில் போய் நிற்பது லீஸ்டு லைன் மோடத்தில். பெயர்தான் மோடம். டயல்-அப் மோடம் போல எண்ணைச் சுழற்றிக் கீச்சிடும் வேலை இதற்கு இல்லை. நிலையத்தில் இதன் ஜோடி ஒன்று இருக்கும், இரண்டும் சில கிலோமீட்டர் நீளமுள்ள சாதாரண தொலைபேசிக் கம்பி வழியாக 2 மெகாபிட்டை இரு பக்கமும் தள்ளும். எச்டிஎஸ்எல், அதற்குப் பின் வந்த எஸ்எச்டிஎஸ்எல் என்ற முறைகளில் இது நடக்கும். கம்பி நீள நீள வேகம் குறையும். அதனால்தான் விண்ணப்பித்ததும் முதலில் ஆள் வந்து தூரத்தைப் பார்ப்பார். இந்த மோடத்தை இணைப்புத் தருபவரே கொண்டுவந்து வைப்பது வழக்கம். பிஎஸ்என்எல் தன் லீஸ்டு லைன்களை எம்எல்எல்என் என்ற நிர்வாக வலையமைப்பில் சேர்த்த பிறகு, அந்த மோடம் உயிரோடு இருக்கிறதா என்று அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. அது பெரிய முன்னேற்றம்.

மோடத்திலிருந்து ரவுட்டருக்கு ஒரு தடித்த கேபிள் போகும். 34 முள் கொண்ட, சோப்புக்கட்டி போல இருக்கும் இணைப்பு, வி.35 என்பார்கள். கையாளும்போது கவனம் வேண்டும், ஒரு முள் வளைந்தால் அரை நாள் போய்விடும். சில இடங்களில் அதற்குப் பதில் ஜி.703 இணைப்பு. கேபிள் டிவி ஒயர் போல இரண்டு கோஆக்சியல் கம்பிகள், ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டு அரை மணி நேரம் தேடியவர்கள் நிறையப் பேர்.

ரவுட்டர்தான் இந்த வரிசையின் மொழிபெயர்ப்பாளர். ஒரு பக்கம் தாளம் தப்பாத கம்பி. மறுபக்கம் ஈதர்நெட், அதாவது அலுவலகத்துக்குள் ஓடும் நீல நிற ஒயர். ஈதர்நெட்டில் தரவு பொட்டலமாக வரும், வராமலும் இருக்கும். ரவுட்டர் ஒவ்வொரு பொட்டலத்தையும் வாங்கி, அது உள்ளே இருக்கும் கணினிக்கா வெளியே போவதா என்று முகவரியைப் பார்த்து, வெளியே என்றால் எச்டிஎல்சி அல்லது பிபிபி என்ற உறையில் போட்டுக் கம்பியில் ஏற்றும். ரவுட்டருக்குப் பின்னால் சுவிட்ச். தொலைபேசி நிலையத்து சுவிட்ச் இல்லை, பொட்டலங்களை அந்தந்தக் கணினிக்குப் பிரித்து அனுப்பும் சின்னப் பெட்டி. சுவிட்சிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் ஓர் ஒயர். மேசையில் இருக்கும் கணினிக்குத் தெரிந்ததெல்லாம் ஈதர்நெட் மட்டும். தனக்கு அப்பால் லீஸ்டு லைன் இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது.

ரவுட்டர் வாங்கப் பணமில்லாத காலத்தில், பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஈ-1 கம்பிக்கு ஒரு கார்டும் ஈதர்நெட்டுக்கு ஒரு கார்டும் செருகி அதையே ரவுட்டராக்கியவர்கள் உண்டு. நன்றாகவே ஓடும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை என்றுகூடச் சொல்வேன்.

முகவரி பற்றி ஒரு வார்த்தை. இணைப்புத் தருபவர் நான்கு ஐபி முகவரிகள் கொண்ட ஒரு சின்ன வரம்பைக் கொடுப்பார். அதில் முதலும் கடைசியும் பயன்படாது. மீதி இரண்டில் ஒன்று அவர்கள் முனைக்கு, ஒன்று உங்கள் ரவுட்டரின் வெளிமுனைக்கு. உள்ளே இருக்கும் இருபது கணினிக்கும் 192.168 என்று தொடங்கும் உள்ளூர் முகவரிகள். இவை 1996இல் எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கப்பட்டவை, எந்த அலுவலகமும் பயன்படுத்தலாம், வெளியே செல்லாது. உலகத்தில் மொத்தமே சுமார் 430 கோடி பழைய வகை முகவரிகள்தான், ஆளுக்கொன்று கொடுக்க முடியாதே. ஆகவே வெளியே போகும்போது ரவுட்டர் உள்ளூர் முகவரியை எடுத்துவிட்டுத் தன் முகவரியை ஒட்டும், பதில் வந்ததும் யார் கேட்டது என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்கும். அலுவலகத்தில் சொந்தமாக மெயில் சர்வரோ வெளியிலிருந்து நுழையும் விபிஎன்னோ இருந்தால், கூடுதலாகச் சில நிலையான முகவரிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். லீஸ்டு லைனில் அவை மாறாமல் நிற்கும்.

லூப் போட்டுப் பார்ப்பது

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? இங்கேதான் லீஸ்டு லைனின் அழகு. வரிசையில் ஏதாவது ஓரிடத்தில் அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் சேர்த்துவிட்டால், அனுப்பியது அப்படியே திரும்பி வரும். எதிரொலி மாதிரி. அதற்கு லூப் என்று பெயர். ரவுட்டரிலிருந்து அனுப்பி உங்கள் மோடத்தில் திருப்புங்கள். ஒழுங்காகத் திரும்பினால் ரவுட்டரும் கேபிளும் சரி. அடுத்து நிலையத்து மோடத்தில் திருப்பச் சொல்லுங்கள். இப்போது திரும்பவில்லை என்றால் கோளாறு தெருவில், செப்புக் கம்பியில். அதற்கும் அப்பால் தொலைமுனையில் திருப்பச் சொல்லலாம். பத்து நிமிடத்தில் பழுது எந்தத் துண்டில் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

புது இணைப்பை ஒப்படைக்கும்போதும் இதே முறைதான். லூப் போட்டு, ஒரு சோதனைக் கருவி தெரிந்த பிட் வரிசையை இரவு முழுவதும் அனுப்பித் திரும்ப வாங்கி எத்தனை பிட் கெட்டது என்று எண்ணும். அந்த முடிவைக் காகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து "முதலிலிருந்தே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அந்தக் காகிதம் பேசும்.

இருபது பேர், ஒரு கம்பி

2 மெகாபிட் என்பது நொடிக்கு 256 கிலோபைட். எட்டால் வகுக்க மறக்காதீர்கள். இணைப்பை பிட்டில் விற்பார்கள், கோப்பை பைட்டில் அளப்போம். 10 மெகாபைட் படம் ஒன்றை 2 மெகாபிட் கம்பியில் அனுப்பக் குறைந்தது 40 நொடி. இருபது பேரும் ஒரே நொடியில் இழுத்தால் ஆளுக்கு 100 கிலோபிட்தான். ஆனால் அலுவலகத்தில் அப்படி நடப்பது அபூர்வம். ஒருவர் பக்கத்தைத் திறந்து படித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். உண்மையில் தொல்லை தருவது ஒரே ஒரு கணினி. நள்ளிரவில் ஓட வேண்டிய பேக்-அப் காலை பத்தரைக்கு ஓடும், அல்லது யாரோ ஒருவரின் கணினி பெரிய அப்டேட்டை இறக்கும். கம்பி நிறைந்ததும் எல்லோருடைய பொட்டலமும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். ரவுட்டரில் முன்னுரிமை வைத்து, குரல் அழைப்பையும் மெயிலையும் முன்னே விட்டு, பேக்-அப்பைப் பின்னே தள்ளலாம். கம்பியை அகலப்படுத்தும் முன் இதைச் செய்து பாருங்கள்.

வேகமும் தாமதமும் வேறு வேறு. கம்பி எவ்வளவு அகலமானாலும் தூரம் தூரம்தான். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் போட்ட ஐ2ஐ கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லிநொடி, வர 16. எந்த விலைக்கு வாங்கினாலும் அதற்குக் கீழே வராது.

இன்று

நான் மேலே சொன்ன வி.35 கேபிளை இன்றைக்குப் புதிதாகச் சேர்பவர் பார்க்க வாய்ப்புக் குறைவு. இப்போது தெருவிலிருந்து ஃபைபர் வருகிறது. மீடியா கன்வர்ட்டர் என்ற சின்னப் பெட்டி ஒளியை ஈதர்நெட்டாக்கிக் கொடுக்கிறது, அல்லது ரவுட்டரிலேயே ஒளிமுனை இருக்கிறது. கடிகாரத் தொல்லை வாடிக்கையாளர் பக்கம் வருவதில்லை. 10 மெகாபிட்டிலிருந்து 100க்கு மாற வேண்டும் என்றால் ஆள் வராமலே அவர்கள் பக்கம் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஒயரை எடுத்து நேராக ஒரு மடிக்கணினியில் செருகி, கொடுத்த ஐபி முகவரியைத் தட்டினால் இணையம் வந்துவிடும். நேராகக் கணினியில் செருக முடியாதா என்று மேலே கேட்ட கேள்விக்கு, காலம் கழித்துக் கிடைத்த நேரான பதில் இது. சோதனைக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள். நிரந்தரமாக வேண்டாம், நடுவில் காவல் காக்கும் ஃபயர்வால் இல்லாமல் அந்தக் கணினி உலகத்துக்கே திறந்து கிடக்கும்.

புதிய தொல்லை ஒன்று உண்டு. ஒரு பக்கத்துக் கருவி 100 மெகாபிட், ஒரே நேரத்தில் இரு வழி என்று கைப்பட அமைக்கப்பட்டிருக்கும். மறுபக்கம் தானாகப் பேசி முடிவெடுக்கும் நிலையில் இருக்கும். பேச்சுக்குப் பதில் வராததால் அது ஒரு நேரத்தில் ஒரு வழி மட்டும் என்று முடிவு செய்துகொள்ளும். மறுமுனை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் அழகாகப் போகும், கோப்பு மட்டும் ஆமை வேகத்தில் நகரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வையுங்கள்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன், பலர் குழம்புகிறார்கள். இணைய லீஸ்டு லைன் உங்கள் அலுவலகத்திலிருந்து இணையத்துக்குப் போவது. இரு முனை லீஸ்டு லைன் உங்கள் திருப்பூர் அலுவலகத்திலிருந்து உங்கள் சென்னை அலுவலகத்துக்குப் போவது. அதில் இணையமே இருக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி விலை பேசிவிடுவார்கள், எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவற்றில் முக்கியமானது, மாதத்தில் எத்தனை மணி நேரம் அறுந்திருக்கலாம் என்பது. 99 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கும். 30 நாளில் 720 மணி நேரம், அதில் ஒரு சதவீதம் 7 மணி 12 நிமிடம். ஒரு முழு வேலை நாள். 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம். 99.9 என்றால் 43 நிமிடம். அந்த அளவைத் தாண்டினால் பில்லில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றுதானா என்றும் கேளுங்கள்.

அப்புறம், பாதை. இரண்டாவது இணைப்பு வாங்குகிறவர்கள் வேறு நிறுவனத்திடம் வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். இரண்டு நிறுவனத்தின் ஃபைபரும் ஒரே பள்ளத்தில் போனால், மழைநீர் வடிகால் தோண்ட வந்த பொக்லைன் இரண்டையும் ஒரே வாளியில் அள்ளிவிடும். ரெயில்டெல் தண்டவாளத்தை ஒட்டிக் கேபிள் போட்டிருக்கிறது, பவர்கிரிட் மின்கோபுரங்களின் மேல் ஃபைபர் கொண்டுபோகிறது. நெடுந்தூரத்தில் இப்படி வேறு வேறு பாதைகள் இருக்கின்றன. உங்கள் வாசலுக்கு வரும் கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படி வருகிறது என்பதை மட்டும் நேரில் நடந்து போய்ப் பாருங்கள்.

திருப்பூர்க்காரரோடு அன்று கடைசியாக ஒரு கணக்குப் போட்டோம். மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் அவர்கள் அனுப்பும் கோப்புகள் மொத்தம் 4 கிகாபைட். 10 மெகாபிட் கம்பி முழுதாகக் கிடைத்தால் 53 நிமிடம், உறைகளுக்கும் மற்றதற்கும் சேர்த்து ஒரு மணி நேரம். "அது தினமும் அதே ஒரு மணி நேரந்தானுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்கண்ணா, தினமும்." லீஸ்டு லைனை வாங்கினார். அலுவலகத்தில் ஏற்கனவே இருந்த சாதாரண ஃபைபரை எடுக்க வேண்டாம், ஊழியர்கள் இணையம் பார்க்கவும் அவசரத்துக்கும் இருக்கட்டும் என்றேன், ஒத்துக்கொண்டார்.

இணைப்பு வந்த அன்று நான் செய்த கடைசி வேலை, சர்க்யூட் எண்ணையும் புகார் சொல்ல வேண்டிய போன் எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சடித்து ரவுட்டரின் மேல் ஒட்டியது. தொலைபேசி எண் இல்லாத கம்பிக்கு அடையாளம் அந்த சர்க்யூட் எண்தான். அதைச் சொன்னால்தான் மறுமுனையில் எடுப்பவர் உங்கள் கம்பியைத் திரையில் திறப்பார்.